நாய்க்கடியும் ரேபீஸும்: உங்கள் பகுதியில் விழிப்புணர்வு வேலையை எங்கிருந்து தொடங்குவது?

ரேபீஸ் விழிப்புணர்வு என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது ஒரு பேனர் அடிப்பதுதான். அப்புறம் ஒரு கூட்டம், ஒரு மருத்துவர் பேச்சு, கைதட்டல், குரூப் போட்டோ. அதே தெருவில் அடுத்த மாதம் ஒரு பையனை நாய் கடிக்கும், வீட்டில் எதையோ அரைத்துக் காயத்தில் அப்பித் துணி சுற்றிவிட்டு "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று இருந்துவிடுவார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களே கூட.

வெறிநாய் கடித்தால் ஆள் பிழைப்பது அரிது என்பது பெரும்பாலான இடங்களில் எல்லாருக்கும் தெரியும். அதைப் போய் மறுபடி மறுபடிச் சொல்லிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. தெரியாமல் இருப்பது, அல்லது தெரிந்தும் செய்யாமல் இருப்பது, கடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது, எந்தக் கடியை "கடி" என்று கணக்கில் எடுப்பது, ஊசித் தவணைகளை எதுவரைக்கும் போடுவது ஆகிய மூன்றும்தான். அதனால் மக்கள் என்ன நினைக்கிறார்கள், நிஜமாகவே என்ன செய்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் பேசப் போவது எப்படி என்று படிப்படியாக எழுதுகிறேன். தன்னார்வலர், ஆசிரியர், நர்சிங் மாணவர், தெருச் சங்கத்து ஆள், யாராக இருந்தாலும் இந்த வேலைக்குப் புதியவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டியவை

நீங்கள் போய் நின்றதும் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். தடுமாறினால் அத்தோடு முடிந்தது. எனவே அடிப்படையை மனப்பாடமாக இல்லாமல், காரணத்தோடு புரிந்துகொள்ளுங்கள்.

ரேபீஸ் ஒரு வைரஸ் நோய். நோயுள்ள விலங்கின் எச்சிலில் வைரஸ் இருக்கும். கடி, கீறல், அல்லது ஏற்கெனவே இருக்கும் புண்ணிலும் கண், வாய் போன்ற ஈரமான சவ்விலும் எச்சில் படுவது, இவை வழியாக உள்ளே போகும். போனதும் ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. காயத்துக்குப் பக்கத்தில் உள்ள நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி நகர்கிறது. அறிகுறி வரப் பெரும்பாலும் 2 முதல் 3 மாதம் எடுக்கும், ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். முகம், தலை, கழுத்து, விரல்கள் என்றால் ஆபத்து கூடுதல்: ஒன்று மூளை பக்கம், இல்லையென்றால் நரம்பு அடர்த்தி. அறிகுறி வந்துவிட்டால் மருத்துவத்தால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அறிகுறி வருவதற்கு முன்னால் சரியாகச் செய்தால், கிட்டத்தட்ட எல்லாரையும் காப்பாற்றிவிடலாம். இவ்வளவு கொடூரமான நோயில் இப்படி ஒரு நீளமான அவகாசம் கிடைப்பது அபூர்வம். நம் வேலை முழுக்க அந்த அவகாசத்துக்குள் நடக்கிற விஷயம்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள், அதில் ஏறக்குறைய 40 விழுக்காடு 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மனிதருக்கு வருவதில் 99 விழுக்காடு வரை நாய் வழியாகத்தான். பூனை, குரங்கு, கீரி, நரி, வௌவால் என்று மற்ற பாலூட்டிகளுக்கும் வரும், அவற்றிடமிருந்தும் வரலாம். அமெரிக்கக் கண்டங்களில் இப்போது வௌவால்தான் முக்கியக் காரணம். உங்கள் பகுதியில் எது கடிக்கிறதோ அதை வைத்துப் பேசுங்கள்.

காயத்தை மூன்று வகையாகப் பிரிப்பார்கள், இதை மட்டும் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டது, சாப்பாடு போட்டது, காயமில்லாத தோலை நக்கியது என்றால் முதல் வகை, கழுவிவிட்டால் போதும், ஊசி வேண்டாம். தோலைப் பல்லால் லேசாகக் கவ்வியது, ரத்தம் வராத சின்னக் கீறல் என்றால் இரண்டாம் வகை, கழுவுவதோடு தடுப்பூசியும் வேண்டும். தோலைத் துளைத்த கடி அல்லது கீறல், புண்ணில் நக்கியது, வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது, வௌவாலோடு நேரடித் தொடர்பு, இவையெல்லாம் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தையும் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசி போட்டு உடம்பு தானே எதிர்ப்பாற்றலை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே வைரஸை மடக்குவதற்குத்தான் இது. முதல் தடுப்பூசியோடு சேர்த்துப் போட முடியாமல் போனாலும், அதிலிருந்து 7 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். கடி வாங்கியவர்களில் இந்த மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் மிகக் குறைவு என்பதைப் போகப் போகப் பார்ப்பீர்கள்.

கழுவுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கழுவினோம்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றித் துடைப்பது கழுவுவது இல்லை. ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, பல் இறங்கிய குழிக்குள்ளும் தண்ணீர் போகும்படி, முழுசாக 15 நிமிடம். இந்த வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். அதனால்தான் சாதாரண சோப்பு இங்கே மருந்து மாதிரி வேலை செய்கிறது, விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டுமானால் நீங்களே ஒரு நாள் குழாயடியில் கையை வைத்து, போனில் டைமர் போட்டு நின்று பாருங்கள். நாலாவது நிமிடத்திலேயே "போதுமே" என்று தோன்றும். அழுகிற குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பிடிக்க, ஒருவர் கழுவ. இதைப் பேனரில் யாரும் எழுதுவதில்லை.

கழுவிய பின் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போடலாம். வேறு எதையும் அப்ப வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம், முடிந்தவரை தையலும் வேண்டாம். தைத்தே ஆக வேண்டிய காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் செலுத்திய பிறகுதான்.

பேசப் போகுமுன் கேட்டு வாருங்கள்

கேள்வித்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நான்கைந்து பேரிடம் சும்மா உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்து மருத்துவமனையில் ஊசி போடும் நர்ஸ் முதல் ஆள். யார் வருகிறார்கள், கடித்து எத்தனை நாள் கழித்து வருகிறார்கள், எத்தனையாவது தவணையோடு நின்றுவிடுகிறார்கள், காயத்தில் என்னென்ன தடவிக்கொண்டு வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். அடுத்து, கடிக்கு மந்திரிப்பவர், பச்சிலை கொடுப்பவர் யாராவது இருந்தால் அவர். அவரைப் பார்க்கப் போகும்போது சண்டைக்குப் போகிற முகத்தோடு போகாதீர்கள். ஜனங்கள் அவரிடம் முதலில் போகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும், அந்தக் காரணம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல். பக்கத்தில் இருக்கிறார், ராத்திரியிலும் கதவைத் திறக்கிறார், திட்டுவதில்லை. கால்நடை மருத்துவர், நாய்களுக்குச் சோறு வைப்பவர், பள்ளி ஆசிரியர், இவர்களையும் விடாதீர்கள்.

இந்தப் பேச்சில் ஜனங்கள் பயன்படுத்துகிற சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "பல்லு படல, நகந்தான்", "குட்டிதான், விளையாட்டுக்குக் கவ்வுச்சு", "நம்ம வீட்டு நாய்தானே", "கடிச்ச நாய் இன்னும் உயிரோடதான் சுத்துது". கேள்வித்தாளிலும் பின்னால் நீங்கள் சொல்லப் போகும் செய்தியிலும் இந்தச் சொற்கள்தான் வேலை செய்யும், பாடப்புத்தகச் சொற்கள் இல்லை.

கேள்வித்தாள்

இந்த வகைக் கணக்கெடுப்பில் மூன்று விஷயம் கேட்பார்கள்: என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள். புதியவர்கள் முதலாவதில் 20 கேள்வி வைத்துவிட்டு மூன்றாவதுக்கு 2 கேள்வி வைப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள் என்பது என் கட்சி.

"ரேபீஸ் உயிருக்கு ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் யார்தான் தெரியாது என்பார்? இந்தக் கேள்வி கேட்டு 90 விழுக்காடு பேருக்கு விழிப்புணர்வு இருக்கிறது என்று அறிக்கை எழுதுவது நேர விரயம். ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்விகளைக் குறைத்துவிட்டு, நடந்ததைச் சொல்ல வைக்கும் கேள்விகளை வையுங்கள். "கடந்த ஒரு வருஷத்தில் உங்கள் வீட்டில் யாரையாவது நாயோ பூனையோ கடித்ததா, கீறியதா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் அந்த நாளை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல விடுங்கள். கடிபட்டவர் யார், வயது என்ன, முதலில் என்ன செய்தார்கள், எதால் கழுவினார்கள், எவ்வளவு நேரம், யார் "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொன்னது, யார் "வேண்டாம்" என்றது, எப்போது கிளம்பினார்கள், அங்கே மருந்து இருந்ததா, எத்தனை தவணை போட்டார்கள், நின்றது ஏன். கடி நடக்காத வீட்டில் "இன்று சாயந்திரம் உங்கள் குழந்தையைப் பக்கத்து வீட்டு நாய் லேசாகக் கீறிவிட்டால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

வரிசையும் முக்கியம். என்ன செய்வீர்கள் என்பதை முதலிலும், என்ன தெரியும் என்பதைப் பின்னாலும் வையுங்கள். "சோப்பால் கழுவ வேண்டும் என்று தெரியுமா" என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் அடுத்த கேள்விக்கு அவர் சோப்பு என்றுதான் பதில் சொல்வார், நீங்களே விடையைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். அதேபோல் விடைகளை வாசித்துக் காட்டாதீர்கள். அவராகச் சொன்னதை மட்டும் டிக் செய்யுங்கள், "வேறு ஏதாவது?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

மனப்பான்மையைக் கேட்பது கொஞ்சம் நுட்பமானது. தெருநாய்களை என்ன செய்யலாம் என்று நேராகக் கேட்டால், அடித்துக் கொல்ல வேண்டும் என்று நினைப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்பார், நாய்ப் பிரியர் என்று தெரிந்தால் இன்னும் நன்றாகச் சொல்வார். "இந்தப் பக்கத்தில் பொதுவாக ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று கேட்டால் மனதில் இருப்பது கொஞ்சம் வெளியே வரும். நாய்க்கு ஊசி போடுவது யார் பொறுப்பு, கடித்த நாயை என்ன செய்வார்கள், ஊசியைப் பற்றி என்ன பயம், கர்ப்பிணிக்குப் போடலாமா, இதெல்லாம் இந்தப் பகுதியில் வர வேண்டியவை. (கர்ப்பிணி, பாலூட்டும் தாய், கைக்குழந்தை, எல்லாருக்கும் கடிக்குப் பிந்தைய ஊசியைப் போட வேண்டும், தடையே இல்லை. இதை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள், பேட்டி முடியும் வரை சொல்ல வேண்டாம்.)

எழுதி முடித்ததும் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கே முழிக்கிறார்களோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள்.

எத்தனை பேர், யார் யார்

கணக்கு வேண்டுமென்றால்: பெரிய மக்கள்தொகையில் 95 விழுக்காடு நம்பகம், முன்பின் 5 விழுக்காடு பிழை என்று வைத்தால் 384 பேர் வேண்டும். உங்கள் பகுதியில் மொத்தமே 1,000 வீடு என்றால் 278 போதும். ஆய்வாக வெளியிடப் போவதில்லை, வேலை செய்வதற்காகத்தான் என்றால் அவ்வளவு தேவையில்லை, ஆனால் வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஏமாற்ற வேண்டாம். பட்டியலிலிருந்து குலுக்கிப் போடுங்கள், அல்லது ஒரு கணக்கு வைத்து ஐந்தாவது வீடு, பத்தாவது வீடு என்று போங்கள். தெரிந்தவர் வீடு, மெயின் ரோட்டு வீடு என்று மட்டும் போனால் கடைக்கோடித் தெருவில் இருப்பவர் எப்போதும் விட்டுப்போவார், கடி வாங்குவது பெரும்பாலும் அவர்கள்தான். பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் கிடைக்க மாட்டார்கள், அதையும் யோசியுங்கள். கல்லூரி வழியாகச் செய்கிறீர்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில்.

வாசலில் நிற்கும்போது

யார், எதற்கு வந்திருக்கிறீர்கள், பெயரை வெளியில் சொல்ல மாட்டோம், பிடிக்கவில்லையென்றால் பதில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். குழந்தையிடம் பேச வேண்டும் என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும்.

இப்படித்தான் பேச்சு போகும் என்பதற்கு ஒரு மாதிரி:

"உங்க வீட்டுல சமீபத்துல யாரையாவது நாய் கடிச்சிருக்காம்மா?"

"இல்லப்பா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"கீறல், நகம் பட்டது, குட்டி ஏதாவது கவ்வுனது?"

"அது... போன மாசம் சின்னவன் கையில. நம்ம நாய்தான். ரத்தம்லாம் பெருசா வரல, ரெண்டு புள்ளி மாதிரி இருந்துச்சு."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"துடைச்சுவிட்டேன். அவனே மறந்துட்டான்."

முதல் கேள்விக்கு "இல்லை" என்று வந்ததைப் பாருங்கள். அங்கேயே நிறுத்தியிருந்தால் உங்கள் தாளில் இந்த வீட்டில் கடியே இல்லை. இரண்டு புள்ளி என்பது பல் இறங்கிய தடம், அதாவது மூன்றாம் வகை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது கடி இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் தாளை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கே அந்தப் பையனை மருத்துவரிடம் அனுப்புவது உங்கள் கடமை. கணக்கெடுப்பு பிறகு. நாய் 10 நாள் தாண்டியும் நன்றாக இருக்கிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். நாய் காணாமல் போயிருந்தால், செத்திருந்தால், இன்னும் அவசரம். ஒரு மாதம் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று கேட்பார்கள். எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் ஊசி போட வேண்டும், நேற்றுக் கடித்தது போலவே வைத்துத்தான் சிகிச்சை தொடங்குவார்கள்.

பேட்டி நடக்கும்போது தப்பான பதில் வந்தால் முகம் சுளிக்காதீர்கள், திருத்தாதீர்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, சரியானதைச் சொல்லி, எங்கே போக வேண்டும் என்று எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கிடைத்ததை எப்படிப் படிப்பது

சதவீதம் போட்டு வட்டப்படம் வரைவது எளிது. அதைவிட, கடி நடந்த வீடுகளை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் சங்கிலி எங்கே அறுந்தது என்று குறியுங்கள். சிலர் கடியைக் கடியாகவே நினைக்கவில்லை. சிலர் நினைத்தார்கள், கழுவவில்லை. சிலர் கழுவினார்கள், வேறு யாரிடமோ போய் மூன்று நாள் போனது. சிலர் மருத்துவமனைக்கே போனார்கள், அங்கே மருந்து இல்லை. சிலர் இரண்டு ஊசியோடு நின்றார்கள், காயம் ஆறிவிட்டது, அல்லது ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகிறது.

இதில் பாதிக்கு மேல் அறியாமை இல்லை என்பது தெரிந்துவிடும். மருந்து இல்லாத இடத்தில் "உடனே ஊசி போடுங்கள்" என்று மைக்கில் கத்துவதில் என்ன இருக்கிறது? அங்கே செய்ய வேண்டியது, எந்த மருத்துவமனையில் தடுப்பூசி இருக்கிறது, எங்கே இம்யூனோகுளோபுலின் இருக்கிறது, எந்த நாட்களில், எத்தனை மணி வரைக்கும் என்று விசாரித்து ஒரு பட்டியல் போடுவதும், இல்லாத இடத்தில் வரவழைக்க மனு கொடுப்பதும்தான். கூலி போகிறது என்றால் சாயந்திர நேரத்தில் ஊசி போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தவணை எத்தனை என்பது அந்தந்த நாட்டு வழிகாட்டுதலைப் பொறுத்தது. தோலுக்குள் கொஞ்சமாகப் போடும் முறையும் இருக்கிறது, அதில் ஒரு வாரத்தில் மூன்று முறை வந்தாலே முடிந்துவிடும் அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் பரிந்துரைக்கிறது. உங்கள் மருத்துவமனையில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அட்டவணையை நீங்களாக மாற்றிச் சொல்லாதீர்கள்.

இனிமேல்தான் பேச்சு

ஒரே நேரத்தில் பத்துச் செய்தி வேண்டாம். உங்கள் கணக்கெடுப்பில் சங்கிலி அதிகம் அறுந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சில விஷயங்கள் பெரும்பாலும் எங்கேயும் வரும், அவற்றுக்கு என்ன பதில் சொல்வது என்று தயாராகப் போங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம். இது கற்பனை இல்லை, ஒரு காலத்தில் இருந்ததுதான். விலங்கின் நரம்புத் திசுவிலிருந்து செய்த பழைய மருந்தை வயிற்றில் போட்டார்கள், வலியும் பக்கவிளைவும் இருந்தது. பாட்டி சொன்னதைப் பொய் என்று சொல்லாதீர்கள். அது உண்மைதான், இப்போது அது இல்லை, கையில் நாலைந்து ஊசிதான், குழந்தைக்குத் தொடையில் என்று சொல்லுங்கள். உடனே ஏற்றுக்கொள்வார்கள்.

வெறிநாய் என்றதும் எச்சில் ஒழுக எல்லாரையும் துரத்திக் கடிக்கும் நாய்தான் எல்லார் மனதிலும் வருகிறது. மூலையில் சுருண்டு கிடக்கிற, தாடை தொங்கிப்போன, குரல் மாறிய நாய்க்கும் அது இருக்கலாம். தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள், அது ஆபத்து. அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும் என்பதால், கடித்த நேரத்தில் நாய் நன்றாக இருந்தது என்பதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. 10 நாள் நாயைக் கவனிக்கச் சொல்வது இதற்குத்தான். ஆனால் அந்தப் பத்து நாள் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது: ஊசியைத் தொடங்கிவிட்டு நாயையும் பார்ப்பது, பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மீதித் தவணையை நிறுத்தலாமா என்று மருத்துவர் சொல்வார். இந்த வரிசையை மக்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், இதற்கு மட்டும் தனியாக நேரம் செலவிடுங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணமும் உண்டு. கொன்றுவிட்டால் கவனிக்க நாயே இல்லை, கடிபட்டவருக்கு ஒரு பயனும் இல்லை.

காயத்தில் மிளகாய்த்தூள், எண்ணெய், பச்சிலைச் சாறு, அமிலம் தடவுவது உலகம் முழுக்க ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. "தடவாதே" என்று மட்டும் சொன்னால் கை சும்மா இருக்காது, பதற்றத்தில் இருப்பவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அந்தக் கைக்கு 15 நிமிட வேலையைக் கொடுத்துவிடுங்கள். மந்திரிப்பவரிடமும் இதையே கேளுங்கள்: நீங்கள் உங்கள் வழக்கத்தைச் செய்துகொள்ளுங்கள், ஆனால் முதலில் சோப்பால் கழுவச் சொல்லி, அப்புறம் கையோடு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். காயத்தில் எதையும் போட வேண்டாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். நிறையப் பேர் ஒத்துக்கொள்வார்கள், தன்னை மதித்து வந்து கேட்டார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிசு.

குழந்தைகள் விஷயம் தனி. கடிபட்ட குழந்தை பல சமயம் வீட்டில் சொல்வதே இல்லை. "அந்த நாய்கிட்ட போகாதேன்னு சொன்னேன்ல" என்று முதுகில் ஒன்று விழும் என்ற பயம், ஊசிப் பயம், இரண்டும் சேர்ந்து கால்சட்டையை இழுத்துவிட்டு மறைத்துவிடும். ஆகவே பள்ளியில் பிள்ளைகளிடம் "கடித்தால் உடனே சொல்லுங்கள்" என்று சொல்வது பாதி வேலைதான். மீதிப் பாதி பெற்றோரிடம்: சொன்ன குழந்தையைத் திட்டாதீர்கள், அன்றைக்காவது. பிள்ளைகளுக்குச் சில நடைமுறைகளையும் சொல்லலாம்: தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டியோடு இருக்கிற நாய், இவற்றிடம் போகக் கூடாது, நாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், மரம் மாதிரி அசையாமல் நின்று, நேராகக் கண்ணைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இதை வாயால் சொல்வதைவிட ஒரு பிள்ளையை நாயாகவும் இன்னொன்றை மரமாகவும் நடிக்க விட்டால் மறக்காது.

விழிப்புணர்வுக்கு நாள் தேடுகிறீர்கள் என்றால் செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினம். 1885இல் கடிபட்ட ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ரேபீஸ் தடுப்பூசி போட்ட லூயி பாஸ்டர் இறந்த நாள் அது. ஆனால் அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் இவ்வளவு கணக்கெடுப்பு எதற்கு?

நாய்களை விட்டுவிடாதீர்கள்

மனிதருக்குக் கடித்த பிறகு ஊசி போடுவது கடைசித் தடுப்புதான். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டு, அதை வருடா வருடம் விடாமல் செய்தால் நாய்களுக்குள் நோய் பரவுவதே நின்றுவிடும். மெக்சிகோ இதைச் செய்துகாட்டியது. நாய் வழி ரேபீஸ் சாவுகளை ஒழித்த முதல் நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்தது. நாய்களைக் கொன்று குறைத்தால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வந்து சேரும், ஊசி போட்டவையும் சேர்ந்து செத்திருக்கும், நிலைமை முன்னைவிட மோசம்.

உங்கள் கணக்கெடுப்பில் நாய் வளர்ப்பவர்களின் பதில்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஊசி போடாததற்குக் காரணம் "வீட்டை விட்டுப் போகாத நாய்", "தூக்கிக்கொண்டு போக முடியாது", "குட்டிதானே" என்றிருந்தால், முகாமை அவர்கள் தெருவுக்கே கொண்டுவருவதுதான் வழி. நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் இதில் பெரிய உதவி, தெருநாய்களை அவர்களால் பிடித்துக்கொடுக்க முடியும். அவர்களையும், நாய்களால் தொந்தரவு என்று புகார் சொல்பவர்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள், முதல் முறையாவது. தனித்தனியாகப் பேசி, இரண்டு பேருக்கும் ஊசி நல்லது என்ற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

நாய் பிடிப்பவர்கள், ஊசி போடும் தன்னார்வலர்கள், கால்நடை மருத்துவமனையில் வேலை செய்பவர்கள், இவர்களுக்குக் கடிக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். போட்டுக்கொண்டவரைப் பின்னால் நாய் கடித்தால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, ஆனால் கழுவுவதும் கூடுதல் தவணைகளும் தேவை. ஊசி போட்டுக்கொண்டதால் ஒன்றும் ஆகாது என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள், சொல்லி வையுங்கள்.

மறுபடி அளப்பது

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே கேள்விகளோடு மறுபடி போங்கள், கேள்வியை மாற்றாமல். முடிந்தால் வேறு வீடுகளுக்கு, ஏனென்றால் முதல் முறை பேட்டி கொடுத்தவருக்கு இப்போது பதில் தெரியும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நோட்டீஸ் கொடுத்தோம் என்பதெல்லாம் அளவே இல்லை. கடித்ததற்கும் முதல் ஊசிக்கும் இடையில் எத்தனை நாள், 15 நிமிடம் சோப்பால் கழுவியவர் எத்தனை பேர், எல்லாத் தவணையும் முடித்தவர் எத்தனை பேர், இந்த மூன்றும் போதும். மருத்துவமனைப் பதிவேட்டில் வந்த தேதி மட்டும் இருந்து கடித்த தேதி இல்லையென்றால், அதற்கு ஒரு பத்தி சேர்க்க முடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வேலை ஒழுங்காக நடந்தால் நாய்க்கடி என்று மருத்துவமனைக்கு வருபவர்கள் எண்ணிக்கை முதலில் ஏறும். கடி கூடிவிட்டது என்று யாராவது பதறுவார்கள், நாய்கள் மேல் கோபமும் திரும்பலாம். இதுவரை வீட்டிலேயே துடைத்துவிட்டு இருந்தவர்கள் இப்போது வருகிறார்கள் என்பதுதான் விஷயம். அதனால் பேசத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவமனையில் சொல்லி, தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.